வஞ்சிரம்தான் வேண்டுமா, மத்தி போதாதா?

கேள்வி: என் மூத்த மகளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நாங்கள் கோவையில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உக்கடத்தில் வஞ்சிரம் வாங்குவோம். கிலோ ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்ல மீனாகக் கொடுக்காமல் இருக்க மனசு கேட்பதில்லை. மாப்பிள்ளையோ, “மீனில் பாதரசம் இருக்கிறது, மீனே கொடுக்காதீர்கள் அத்தை” என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். என் மாமியார், குழந்தை பிறந்ததும் பால் ஊற சுறாப் புட்டு செய்தே ஆக வேண்டும் என்கிறார். கல்லூரியில் படிக்கும் சின்னவள், “கடலில் மீன் அழிகிறது, பார்த்து வாங்கும்மா” என்கிறாள். இதற்கு நடுவே, மீன் கெடாமலிருக்கக் கலக்கிறார்களாமே, அந்த ஃபார்மலின் ரசாயனத்தின் பயம் வேறு எனக்கு. எந்த மீனை, எவ்வளவு, எப்படிப் பார்த்து வாங்குவது?

– கோவை வாசகி

பதில்:

மாப்பிள்ளை சொல்வது பாதி சரி. மீனில் பாதரசம் இருப்பது உண்மை. மீனே வேண்டாம் என்பதுதான் தப்பு. உங்கள் வீட்டில் நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னாலும், பெரும்பாலான கேள்விகளுக்கு ஒரே இடத்தில் விடை கிடைக்கிறது: சின்னதாகவே வளர்ந்து முடியும், சீக்கிரம் பெருகும், விலை குறைந்த மீன்கள். அதில் ஒரு சிக்கலும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பாதரசம். நிலக்கரிப் புகையிலிருந்தும் ஆலைக் கழிவிலிருந்தும் நீருக்குள் போகும் பாதரசத்தை அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. நுண்பாசியைத் தின்னும் மீனில் அது துளியளவுதான் இருக்கும். அந்த மீனைத் தின்னும் மீனில் கொஞ்சம் கூடும். அதையும் தின்று பல வருடம் வாழ்கிற பெரிய மீனில் சேர்ந்துகொண்டே போகும். அது ஒட்டியிருப்பது தசையின் புரதத்தில். ஆகவே மஞ்சள் போட்டு அலசினாலும், புளித்தண்ணீரில் ஊறவைத்தாலும், எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் போகாது. வாங்கும் இடத்தில் மீனைத் தேர்ந்தெடுப்பது ஒன்றுதான் வழி.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2003-இல் வகுத்த வரம்பு, வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். மகளின் எடை 60 கிலோ என்றால் வாரத்துக்கு 96 மைக்ரோகிராம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சோதித்துப் போட்ட சராசரிப்படி சுறாவில் கிலோவுக்கு 0.979 மில்லிகிராம் பாதரசம். அதாவது 100 கிராம் துண்டில் 98 மைக்ரோகிராம். ஒரே துண்டில் வாரக் கணக்கு தீர்ந்துவிட்டது. மத்தி இனத்தில் கிலோவுக்கு 0.013, 100 கிராமுக்கு 1.3 மைக்ரோகிராம்தான் வருகிறது. நெத்திலி இனத்தில் 0.016. இறாலில் 0.009. இவை அமெரிக்கச் சந்தையில் எடுத்த எண்கள். நம் கடலில் அளவு முன்னே பின்னே இருக்கும். சின்ன மீனில் குறைவு, பெரிய வேட்டை மீனில் அதிகம் என்ற வரிசை மாறாது.

இனி வஞ்சிரம். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய மீன்கள் என்று அமெரிக்கா வெளியிட்ட பட்டியலில் ‘கிங் மேக்கரல்’ என்று ஒன்று இருக்கும். அதைத்தான் பலரும் வஞ்சிரம் என்று மொழிபெயர்த்துப் பரப்புகிறார்கள். மாப்பிள்ளைக்கு வந்ததும் அந்த வகைச் செய்தியாக இருக்கலாம். அது அட்லாண்டிக் கடலில் கிடைக்கும் மீன். நம் வஞ்சிரம் அதற்கு நெருங்கிய சொந்தம், ஆனால் வேறு இனம். அதற்காக மத்தியோடு சேர்த்து எண்ணவும் முடியாது. வஞ்சிரமும் மீனைத் தின்று வளரும் மீன்தான். வீட்டில் மற்றவர்கள் சாப்பிடட்டும். மகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 100 கிராம் துண்டு ஒன்று போதும். அந்தத் துண்டும் ஒன்றரை, இரண்டு கிலோ மீனில் வெட்டியதாக இருக்கட்டும். எட்டு கிலோ மீனின் அகலமான நடுத்துண்டு விருந்துக்குப் பெருமையாக இருக்கும். பாதரசம் அதில்தான் அதிகம். பெரிய சூரைக்கும் இதே விதிதான். சுறா, கொப்பரன், மயில் கோலா போன்ற பெரிய வேட்டை மீன்களைக் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் தொடாமல் இருப்பது நல்லது.

மீனை அடியோடு நிறுத்தினால் என்ன நஷ்டம்? கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தையின் மூளையிலும் விழித்திரையிலும் டிஹெச்ஏ என்கிற ஒமேகா-3 கொழுப்பு வேகமாகச் சேர்கிறது. தாய்க்கு நாளொன்றுக்குக் குறைந்தது 200 மில்லிகிராம் டிஹெச்ஏ வேண்டும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட கணக்கு. ஆளி விதை, அக்ரூட்டில் இருக்கும் ஒமேகா-3 வேறு வகை. உடம்பு அதிலிருந்து டிஹெச்ஏவாக மாற்றிக்கொள்வது மிகக் கொஞ்சம். கொழுத்த மத்தியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் ஒமேகா-3 நேரடியாகக் கிடைக்கிறது. பி12, அயோடின், வைட்டமின் டி எல்லாம் கூடவே வருகின்றன. நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் சுண்ணாம்புச் சத்தும் சேர்கிறது. வஞ்சிரத்தைவிட விலை மிகக் குறைந்த மீனில் இவ்வளவும் இருக்கிறது. விலை ஏறுவதற்கும் சத்து ஏறுவதற்கும் சம்பந்தமில்லை. முள் குறைவு, துண்டு அழகு, கல்யாண வீட்டு மவுசு, இவற்றுக்குத்தான் அந்தக் காசு.

அளவு, வாரத்துக்கு 225 முதல் 340 கிராம். மூன்று வேளை, வேளைக்கு 100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை மத்தி அல்லது அயிலை என்கிற கானாங்கெளுத்தி. ஒரு வேளை நெத்திலி. மூன்றாவது கிழங்கான், காரப்பொடி, இறால், கணவாய், எது அன்றைக்கு நன்றாக இருக்கிறதோ அது. ஒரு கிலோ மத்தியைத் தலை, குடல், செதில் நீக்கினால் 600 கிராம் அளவுக்கு நிற்கும். ஐந்து பேர் வீட்டுக்கு ஒரு வேளைக்குத் தாராளம். முடிந்தவரை குழம்பாக வையுங்கள். எண்ணெயில் முங்கப் பொரித்தால் மீனின் நல்ல கொழுப்பில் கொஞ்சம் சட்டிக்குள் இறங்கிவிடும், சட்டி எண்ணெய் மீனுக்குள் ஏறிவிடும். தோசைக்கல்லில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு வாட்டினால் அந்த அளவுக்கு நஷ்டமில்லை. கணவாய் வாங்கினால் உள்ளே இருக்கும் குடல், மைப்பையை முழுசாக எடுத்துவிடுங்கள். காட்மியம் சேர்வது அந்தக் குடல் பகுதியில்தான்.

இப்போது முதலில் சொன்ன சிக்கலுக்கு வருகிறேன். நான் வாங்கச் சொல்லும் மீன்தான் சீக்கிரம் கெடும் மீனும்கூட. மத்தியின் குடலில் செரிமான நொதிகள் அதிகம். செத்த சில மணி நேரத்தில் அவை உள்ளிருந்தே வயிற்றுச் சதையைக் கரைக்கத் தொடங்கும். ‘வயிறு வெடித்த மத்தி’ என்று கடைக்காரர்கள் ஒதுக்குவது அதைத்தான். ஐஸ் சரியாக இருந்தால் இது இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும். ஐஸ் இல்லையென்றால் அரை நாள்கூடத் தாங்காது. கடல் இல்லாத கோவையில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எனவே கடையில் முதல் கேள்வி, “எந்த ஊர் மீன், என்னைக்கு ஏத்துனது?” என்று இருக்கட்டும். கொச்சிப் பக்கத்துச் சரக்கு உக்கடத்துக்கு 200 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். ராமேஸ்வரம், நாகப்பட்டினத்துச் சரக்குக்குத் தூரம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மத்தி, அயிலை, நெத்திலி என்றால் பக்கத்துக் கரையிலிருந்து வந்ததை எடுங்கள். பாறை, விளைமீன் மாதிரிக் கொழுப்பு குறைந்த மீன்கள் கொஞ்சம் தூரம் தாங்கும்.

பிறகு மீனைக் கையில் எடுங்கள். ஒரு மத்தியைத் தலைப்பக்கம் இரு விரலால் பிடித்துப் படுக்கை வாக்கில் நீட்டிப் பாருங்கள். புது மீன் குச்சி மாதிரி நேராக நிற்கும். பழசு வாலைத் தொங்கப்போடும். வயிற்றின் கடைசியில், மலத்துவாரத்துக்குப் பக்கத்தில் விரலால் அழுத்துங்கள். குழி விழுந்து அப்படியே நின்றாலோ, பழுப்பு நீர் கசிந்தாலோ வைத்துவிடுங்கள். செவுளைத் தூக்கினால் சிவப்பாக, ஈரமாக, கடல் வாடையோடு இருக்க வேண்டும்; பழுப்பேறி, கொழகொழவென்று நூல் இழுத்தால் அது முந்தாநாள் சரக்கு. வஞ்சிரத்தைத் துண்டாக வாங்கும்போது செவுளும் கண்ணும் கிடைக்காது. அப்போது துண்டின் நடுவே, தோலை ஒட்டி ஓடும் கருஞ்சதைப் பட்டையைப் பாருங்கள். செங்கல் சிவப்பில் இருந்தால் நல்லது. காப்பிப் பொடி நிறத்துக்கு மாறியிருந்தால் வெட்டி வெகுநேரம், அல்லது மீனே பழசு. முழு மீனைக் காட்டச் சொல்லி, உங்கள் எதிரிலேயே வெட்டித் தரச் சொல்வது இன்னும் நல்லது.

ஐஸ் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மேலே பரப்பிய மீன் பளபளக்கும்; அதை விட்டுவிட்டு ஐஸுக்கு அடியில் புதைந்திருப்பதை எடுக்கச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டி கொண்டுபோய், கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் என்று தட்டிப் போட்டுக்கொண்டு வந்தால் வழியில் கெடாது. கடைசியாக மீன் கடை, அங்கிருந்து நேராக வீடு. காய்கறி, மளிகை, கோயில் எல்லாம் அதற்கு முன்பே முடியட்டும்.

இவ்வளவு வலியுறுத்துவதற்கு ஹிஸ்டமின் என்ற பொருள் காரணம். அயிலை, மத்தி, சூரை, வஞ்சிரம் போன்றவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். வாடை வருவதற்கு முன்பே இது நடந்துவிடலாம். கொதிக்கவைத்தாலும், பொரித்தாலும், உறையவைத்தாலும் அழியாது. சாப்பிட்ட பத்து நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் நாக்கில் மிளகு கடித்த மாதிரி எரிச்சல், முகம் சிவந்து சூடேறுதல், தலைவலி, தடிப்பு, அரிப்பு வரும். “எனக்கு அயிலை ஒத்துக்காது” என்று சொல்பவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது வெயிலில் கிடந்த அயிலையாக இருக்கும். மகளுக்கு இப்படி ஏதாவது வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். என்ன மீன், எப்போது சாப்பிட்டது என்பதையும் சொல்லுங்கள்.

ஃபார்மலின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. 2018-இல் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. அதே வருடம் சென்னையிலும் சோதனைகள் நடந்தன. ‘ஈ மொய்க்காவிட்டால் ஃபார்மலின்’ என்ற நாட்டுச் சோதனையை நம்பாதீர்கள். ஐஸ் நிறைய இருக்கும் இடத்திலும், காற்றாடி ஓடும் இடத்திலும் ஈ வராது. பார்க்க வேண்டியது, ஒரே மீனில் இரண்டு வயசு தெரிகிறதா என்பதை. கண் குழிந்து பூத்துப்போய், செவுள் வெளுத்து, அதாவது ஐந்து நாள் பழசுக்கான அடையாளங்கள் எல்லாம் இருந்து, உடம்பு மட்டும் ரப்பர் மாதிரி விறைத்து, மீன் வாடையே இல்லாமல் இருந்தால் அந்த மீன் வேண்டாம். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கென்று ஒரு காகிதப் பட்டைச் சோதனையைக் கண்டுபிடித்து 2018-இல் வெளியிட்டது. பட்டையை மீன்மேல் தேய்த்து, மருந்து ஒரு சொட்டு விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது. ஒன்றை நினைவில் வையுங்கள்: தும்பிலி போன்ற சில மீன்களில் உறைநிலையில் வைத்திருக்கும்போது இயற்கையாகவே கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு (தண்ணீரில் கரைத்தால் அதுதான் ஃபார்மலின்) உண்டாகும். நிறம் மாறியதும் கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் அது என்ன மீன் என்று பாருங்கள். சந்தேகம் உறுதியானால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

சின்ன மகளின் கேள்விக்கு வருகிறேன். மத்தியையும் அயிலையையும் எவ்வளவு தின்றாலும் குறையாது என்று நினைத்துவிட வேண்டாம். 2012-இல் கேரளக் கரையில் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி இறங்கியது. 2021-இல் வெறும் 3,297 டன். கடல் வெப்பம் மாறியதும், முட்டையிடும் பருவத்துக்கு வராத குஞ்சுகளை வாரி எடுத்ததும் சேர்ந்து செய்த வேலை. ஆனால் மத்தியின் ஆயுளே இரண்டு மூன்று வருடம். ஒரு தாய் பல்லாயிரம் முட்டை இடும். கடல் சாதகமானதும் மீண்டு, 2023-இல் கேரளத்தில் மட்டும் மறுபடி ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. சுறாவோ கலவாவோ அப்படி ஒரு சரிவிலிருந்து பத்து வருடத்தில் எழுந்து வராது.

ஆகவே சின்ன மீன் வேறு, மீன் குஞ்சு வேறு. நெத்திலி, காரப்பொடி, கிழங்கான் எல்லாம் வளர்ந்தே அந்த அளவுதான். ஒரு முழம்கூட இல்லாத வஞ்சிரம் பச்சைக் குஞ்சு. ‘குட்டி வவ்வால், வறுவலுக்கு நல்லா இருக்கும்’ என்று மலிவாகக் குவித்து வைத்திருப்பதும் அதே ரகம். மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ., வஞ்சிரத்துக்கு 50 செ.மீ. என்று கேரளம் குறைந்தபட்ச அளவைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. சந்தைக்கு அளவுகோல் கொண்டுபோக வேண்டாம். கையில் இருக்கும் செல்போன் கிட்டத்தட்ட 15, 16 செ.மீ. நீளம். அயிலை போனைவிடக் குட்டையாக இருந்தால் வேண்டாம். மத்தி போனில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். வஞ்சிரம் என்றால் மூன்று போன் நீளத்துக்குக் கூடுதல். இதை ஒரு பக்கம் சின்னவளும் மறுபக்கம் பாட்டியும் நின்று பார்த்தால் கடைக்காரர் அடுத்த வாரம் குஞ்சு மீனை உங்கள் கண்ணில் காட்டமாட்டார்.

நண்டு வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். அடிவயிற்று மடல் குறுகலாகக் கூம்பி இருந்தால் ஆண், அகன்று வளைந்திருந்தால் பெண். அந்த மடலுக்கு வெளியே ஆரஞ்சு நிறத்திலோ கறுத்தோ முட்டைக் கொத்து தொங்கினால் அதை விட்டுவிட்டு ஆணாகக் கேளுங்கள். சதையும் ஆணில்தான் கூடுதல்.

பிடித்த விதமும் மீன் மேலேயே எழுதியிருக்கும். தூண்டில் மீனுக்கு வாயோரத்தில் ஒரு கிழிசல், செதில் கலையாமல் இருக்கும். செவுள் வலையில் மாட்டியதற்குச் செவுளுக்குப் பின்னால் நூல் பதிந்த தடம் தெரியும். இழுவைமடியில் வந்தது பல மணி நேரம் மற்ற மீன்களோடு நசுங்கி, செதில் உரிந்து, செவுளுக்குள் சேறு அடைந்து வரும். கடலடியை வாரிக்கொண்டு போகும் மடி அது. இறாலுக்காக இழுக்கும்போது கூடவே சிக்கிச் சாகும் குஞ்சுகள் ஏராளம். எல்லா வாரமும் தூண்டில் மீன் கிடைக்காது, ஆனால் “தூண்டி மீன் இருக்கா?” என்று கேட்டு வாங்குபவருக்குத் தரமும் கூடுதலாகவே கிடைக்கும். சான்று முத்திரை பார்த்து வாங்கும் வழக்கம் நம் சந்தையில் கிடையாது. இந்தியாவில் முதன்முதலாக உலகளாவிய நிலைத்த மீன்பிடிச் சான்று பெற்றது 2014-இல் கேரளத்து அஷ்டமுடி ஏரியின் மட்டி.

தடைக்கால நாட்காட்டியைச் சமையலறையில் எழுதி ஒட்டிவிடுங்கள். இது கடலுக்கும் உதவும், உங்கள் ஃபார்மலின் பயத்துக்கும் உதவும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மேற்குக் கரையில் பொதுவாக ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை; கேரளத்தில் இழுவைப் படகுகளுக்கு ஜூன் 9 நள்ளிரவிலிருந்து. ஆக, ஏப்ரல் கடைசியிலும் மே மாதமும் கோவைக்குக் கேரளத்து மீன் வரும். ஜூன் இரண்டாம் வாரத்தில் இரண்டு பக்கமும் கதவடைப்பு. அந்த நாட்களில் கடைகளில் பெரிய மீன் மலையாகக் குவிந்திருந்தால், குளிர்பதனக் கிடங்கிலிருந்து எப்போது வந்தது என்று கேட்க வேண்டும். நாட்டுப் படகு, ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லாததால் கொஞ்சம் புது மீன் வரும்; விலை கூடும். அந்த வாரங்களுக்கு அணை மீன், குளத்து மீன் நல்ல மாற்று.

பவானிசாகர், ஆழியாறு அணைகளின் ரோகு, கட்லாவில் பாதரசக் கவலை குறைவு, புரதம் நிறைவு. கடல் மத்தி அளவுக்கு டிஹெச்ஏ இருக்காது, அவ்வளவுதான். குளத்து மீனில் இரண்டு ஏமாற்று வேலைகள் உண்டு. ‘ஏரி வவ்வால்’ என்ற பெயரில் விற்பது ரூப்சந்த் என்கிற தென்னமெரிக்க மீன். தின்னலாம், ஆனால் வவ்வால் விலை கொடுக்காதீர்கள். அதன் வாயைத் திறந்தால் மனிதப் பல் மாதிரி பற்கள் தெரியும், கடல் வவ்வாலுக்கு அப்படி இருக்காது. இன்னொன்று ஆப்பிரிக்கக் கெளுத்தி. இதை வளர்க்கவே 2000-இல் மத்திய அரசு தடை விதித்தது. கோழிக்கழிவு, இறைச்சிக்கழிவு போட்டுத் திருட்டுத்தனமாக வளர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மீசை வைத்த, செதிலில்லாத, ஒன்றரை இரண்டு கிலோ மீன் கொள்ளை மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். வளர்ப்பு இறாலில் வனாமி என்ற வகைதான் பெரும்பாலும். தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டி, ஓடு கண்ணாடி மாதிரி இருந்தால் எடுங்கள். தலை கழன்று ஆடினால் வேண்டாம்.

கருவாடு தடைக்காலத்துக்குக் கைகொடுக்கும். ஆனால் மகளுக்கு ரத்த அழுத்தம் எல்லையில் இருந்தால் கருவாடு கூடாது. வெந்நீரில் இரண்டு முறை ஊறவைத்து அலசினாலும் உப்பு முழுதும் இறங்காது.

மீதி மீனை ஃப்ரீசரில் வைக்கும்போது பலர் செய்யும் தவறு, மசாலா தடவி வைப்பது. மத்தி, அயிலையின் எண்ணெய் சீக்கிரம் சிக்கடிக்கும். உப்பு அதை விரைவுபடுத்தும். சுத்தம் செய்து, தண்ணீர் வடித்து, உப்பு மஞ்சள் எதுவும் இல்லாமல் கால் கிலோ பொட்டலமாகத் தட்டையாக, காற்றை வெளியேற்றிக் கட்டி வையுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும். தேதி எழுதுங்கள். எண்ணெய் மீன் இரண்டு மாதம், மற்றவை நாலைந்து மாதம். சமைக்கும் முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி இளக்குங்கள். மேடைமேல் வைத்து இளக்கினால் ஹிஸ்டமின் கதை மறுபடி தொடங்கும். ஒருமுறை இளகியதைத் திரும்ப உறையவைக்காதீர்கள்.

கடைசியாக சுறாப் புட்டு. பெரியவரின் பேச்சை மறுப்பது சங்கடம் என்று தெரியும். பால் சுறா என்ற பெயரே, தின்றால் பால் ஊறும் என்ற நம்பிக்கையில் வந்தது. ஆங்கிலத்திலும் அதைப் ‘பால் சுறா’ என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். ஆனால் பால் ஊறுவது, குழந்தையைப் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுவதாலும், இரவும் பகலும் அடிக்கடி குடிக்கவிடுவதாலும், தாய் வயிறாரச் சாப்பிட்டு உறங்குவதாலும். சுறாவின் பங்கு அதில் புரதம் மட்டும். அதை எந்த மீனும் தரும். சின்னச் சுறாவில் பெரியதைவிடப் பாதரசம் குறைவு என்பது உண்மை. ஆனால் தோலுரித்துத் துண்டு போட்ட பிறகு அது பால் சுறாவா, வேறு பெரிய சுறாவின் குட்டியா என்று நீங்களோ நானோ சொல்ல முடியாது. பால் சுறா ஏறத்தாழ ஒரு வருடம் சுமந்து ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டிதான் போடும். பிள்ளை பெற்றவளுக்காகப் பிள்ளைத்தாய்ச்சிச் சுறாவைத் தேடுவானேன் என்று சின்னவளை விட்டுப் பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

புட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கிலோவுக்குட்பட்ட பாறை, அல்லது பண்ணைக் கொடுவா அரைக் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் சதையும் வெந்ததும் சுறா மாதிரியே நார்நாராக உதிரும். அரைத் தேக்கரண்டி மஞ்சள், உப்பு தடவி இட்லிப் பாத்திரத்தில் 10 நிமிடம் ஆவியில் வேகவிட்டு ஆறவையுங்கள். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் புட்டு சொதசொதவென்று ஆகிவிடும். வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, 150 கிராம் சின்ன வெங்காயம், 15 பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி பொடியாக நறுக்கி வதக்கி, ஒன்றரைத் தேக்கரண்டி மிளகு சீரகத் தூள், கறிவேப்பிலை சேர்த்து, உதிர்த்த மீனைப் போட்டுச் சிறு தீயில் ஈரம் வற்றும்வரை கிளறுங்கள். பத்தியத்துக்கு மிளகாய் வேண்டாம். சுறாவில் குருத்தெலும்புதான், முள் தைக்காது; பாறையில் முள் உண்டு. அதனால் உதிர்க்கும் வேலையை நல்ல வெளிச்சத்தில், சூடு ஆறிய பிறகு, விரல் நுனியால் இரண்டு தடவை தடவிப் பார்த்துச் செய்யுங்கள்.